மோடத்தில் ஃபேக்ஸ் வாங்கி வேர்டில் திருத்துவது வரை: எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேக்ஸ் வந்துவிட்டது, ஸ்கிரீனிலும் தெரிகிறது, ஆனால் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. ஃபேக்ஸ் மோடம் (டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஃபேக்ஸில் எழுத்து வருவதில்லை, எழுத்தின் படம்தான் வருகிறது. அனுப்புகிறவர் வேர்டிலிருந்து நேரடியாகவே அனுப்பினாலும், கறுப்புப் புள்ளி வெள்ளைப் புள்ளி என்று பிரிந்து புள்ளிகளாகத்தான் நம்மிடம் வந்து சேரும். அந்தப் புள்ளிகளைத் திரும்ப எழுத்தாக்குவது ஓ.சி.ஆர். மென்பொருளின் வேலை. அது நன்றாகப் படிக்குமா சொதப்புமா என்பது ஃபேக்ஸ் வருவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. மோடம், லைன், அனுப்புகிறவர் அழுத்திய பட்டன் இவைதான் அதை முடிவு செய்கின்றன. அதனால் இங்கே ஓ.சி.ஆருக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி, அதோடு வரும் ஃபேக்ஸ் கன்சோல், ஆபீஸ் 2003 இவற்றை வைத்துச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் பொதுவாக இருப்பது இந்தக் கூட்டணிதான். விண்டோஸ் 7, 10 வைத்திருந்தால் மெனுப் பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை அதேதான்.

மோடம்: எது இருந்தால் நல்லது

மோடங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, மதர்போர்டில் செருகும் மலிவான பி.சி.ஐ. கார்டு. அதைப் பெரும்பாலும் வின்மோடம் என்பார்கள். வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையில் கட்டிவிடும். இன்னொன்று, தனி அடாப்டரோடு வெளியே உட்காரும் சீரியல் மோடம். எல்லா வேலையையும் தானே செய்துகொள்ளும். இரண்டும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். சீரியல் போர்ட்டே இல்லாத கம்ப்யூட்டர் என்றால் யூ.எஸ். ரோபாட்டிக்ஸ் 5637 போன்ற யூ.எஸ்.பி. மோடம் நன்றாக வேலை செய்யும். பழைய சீரியல் மோடத்தை யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் வழியாக மாட்டுவதுதான் தலைவலி. தகவல் போய்வருவதில் ஏற்படும் சின்னத் தாமதத்தை இன்டர்நெட் பொறுத்துக்கொள்ளும், ஃபேக்ஸ் பொறுத்துக்கொள்ளாது.

மோடம் ஃபேக்ஸ் பேசுமா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. கன்ட்ரோல் பேனலில் போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ் திறந்து, மோடம்ஸ் டேபில் உங்கள் மோடத்தைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ் போய், டயக்னாஸ்டிக்ஸ் டேபில் குவெரி மோடம் பட்டனை அழுத்துங்கள். சில விநாடிகளில் ஒரு பட்டியல் வரும். அதில் எஃப்கிளாஸ் என்று இருக்கும் வரிக்கு எதிரே 0, 1, 2 என்று சில எண்கள் தெரியும். 0 என்பது சாதாரண டேட்டா. 1, 2, 2.0 ஆகியவை ஃபேக்ஸ். 8 என்பது குரல். 1 அல்லது 2 என்று ஒன்றாவது இருக்க வேண்டும். வெறும் 0 மட்டும் இருந்தால் அந்த மோடம் ஃபேக்ஸுக்கு ஆகாது.

1க்கும் 2க்கும் என்ன வித்தியாசம்? கிளாஸ் 1 என்றால், எதிர்முனையோடு பேரம் பேசி நேரம் தவறாமல் பதில் சொல்லும் பொறுப்பு கம்ப்யூட்டருடையது. கிளாஸ் 2 என்றால் அந்தப் பேச்சை மோடமே பார்த்துக்கொள்ளும். உங்கள் மோடம் கிளாஸ் 1 மட்டும்தான் என்றால், ஃபேக்ஸ் வரும் நேரத்தில் வைரஸ் ஸ்கேன் போடாதீர்கள், பெரிய கோப்பை காப்பி செய்யாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் அந்தச் சில விநாடிகள் மூச்சுத் திணறினால் இணைப்பு அறுந்துவிடும்.

லைன்: பிரச்சினைகளில் பெரும்பங்கு இங்கேதான்

மோடத்தின் பின்னால் பொதுவாக இரண்டு ஓட்டைகள் இருக்கும். லைன் என்று போட்டிருப்பதில் சுவரிலிருந்து வரும் ஒயர், போன் என்று போட்டிருப்பதில் டெலிபோன். மாற்றிச் செருகிவிட்டு மணிக்கணக்கில் செட்டிங்கைக் குடைபவர்கள் உண்டு. முதலில் இதைப் பாருங்கள்.

அதே லைனில் பழைய செம்புக் கம்பி பிராட்பேண்ட் ஓடுகிறதா? அப்படியானால் ஸ்ப்ளிட்டர், அதாவது பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி, கட்டாயம். ஸ்ப்ளிட்டரில் போன் என்று இருக்கும் பக்கம்தான் ஃபேக்ஸ் மோடம் போக வேண்டும். ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேராக மாட்டினால் பிராட்பேண்டின் சிக்னல் இரைச்சலாகக் கலந்து பக்கம் பாதியில் நிற்கும். கால் வெயிட்டிங் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஃபேக்ஸ் நடுவே விழும் அந்த ஒரு பீப் போதும், ஒரு பட்டை வரிகளைச் சாப்பிட்டுவிடும். பேரலல் கனெக்ஷனில் உள் அறையில் இன்னொரு போன் இருந்தால், ஃபேக்ஸ் வரும்போது யாரும் ரிசீவரைத் தூக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

ஃபைபர் லைனுக்கு மாறிவிட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்போது பி.எஸ்.என்.எல். உட்பட ஃபைபர் லேண்ட்லைன்களில் குரலும் இன்டர்நெட் பாக்கெட்டுகளாக, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகிறது. பேச்சுக்கு இடையே ஒரு பாக்கெட் தவறினால் காதுக்குத் தெரியாது, மோடத்துக்குத் தெரியும். இப்படிப்பட்ட லைனில் ஃபேக்ஸுக்கென்றே டி.38 என்ற முறை இருக்கிறது. உங்கள் இணைப்பில் அது உண்டா என்று கம்பெனியிடம் கேளுங்கள். இல்லை என்றால், அனுப்புகிறவரின் மெஷினில் சூப்பர் ஜி3 என்ற அதிவேக வசதியை நிறுத்தி வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டுக்குக் குறைத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கம் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வந்து சேரும். ஒரே ஒரு செம்பு லைன் மிச்சமிருக்கிறது என்றால் அதை ஃபேக்ஸுக்கே விட்டுவிடுங்கள்.

ஃபேக்ஸ் சர்வீஸை நிறுவுதல்

எக்ஸ்பியில் ஃபேக்ஸ் தானாக வராது, நாம்தான் போட வேண்டும். எக்ஸ்பி சி.டி.யைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்.

1. கன்ட்ரோல் பேனல் → ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ் → ஆட்/ரிமூவ் விண்டோஸ் காம்பொனன்ட்ஸ்.

2. பட்டியலில் ஃபேக்ஸ் சர்வீசஸ் என்பதை டிக் செய்து நெக்ஸ்ட் கொடுங்கள். சி.டி. கேட்டால் போடுங்கள். முடிந்ததும் பிரின்டர்ஸ் அண்ட் ஃபேக்சஸ் உள்ளே ஃபேக்ஸ் என்ற பெயரில் ஒரு புது பிரின்டர் நிற்கும்.

3. ஸ்டார்ட் → ஆல் புரோகிராம்ஸ் → அக்சசரீஸ் → கம்யூனிகேஷன்ஸ் → ஃபேக்ஸ் → ஃபேக்ஸ் கன்சோல். முதல் தடவை திறக்கும்போது ஒரு விசார்ட் ஓடும்.

4. விசார்டில் பெயர், முகவரி எல்லாம் கேட்கும். அவை கவர் பேஜுக்கு மட்டும்தான், பிறகுகூட நிரப்பலாம். அனுப்ப எந்த மோடம், வாங்க எந்த மோடம் என்று கேட்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். வாங்குவதற்கான டிக் தனியாக இருக்கும், அதைப் போடாமல் விட்டால் மோடம் அனுப்ப மட்டுமே செய்யும்.

5. டி.எஸ்.ஐ.டி., சி.எஸ்.ஐ.டி. என்று இரண்டு பெட்டிகள் வரும். முதலாவது நாம் அனுப்பும்போது எதிர்முனைக்குத் தெரிவது, இரண்டாவது நாம் வாங்கும்போது தெரிவது. இரண்டிலும் 20 எழுத்துக்கு மேல் போகாது. நாட்டுக் குறியீட்டோடு ஃபேக்ஸ் எண்ணைப் போடுங்கள், போதும்.

6. வந்த ஃபேக்ஸை என்ன செய்வது என்று கேட்கும்போது, பிரின்ட் செய் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நமக்குத் தேவை கோப்பு. அதற்குப் பதில், ஒரு பிரதியை இந்த ஃபோல்டரில் சேமி என்ற டிக்கைப் போட்டு, டி டிரைவில் "ஃபேக்ஸ் வந்தவை" என்று ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். இதன் அருமை பிறகு தெரியும்.

பவர் ஆப்ஷன்ஸில் ஸ்டாண்ட்பையையும் ஹைபர்னேட்டையும் நிறுத்துங்கள். தூங்குகிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஃபேக்ஸுக்கு எழுந்திருக்காது. இன்னொன்று, எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஃபேக்ஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் ஒயரைச் செருகாதீர்கள். கோப்பை வெளியே எடுக்க பென் டிரைவ் போதும்.

"ஃபேக்ஸ் டோன் கொடுங்க சார்"

ஃபேக்ஸுக்கென்று தனி லைன் இருந்தால் ஆட்டோமேட்டிக் வைத்து, இரண்டு ரிங்கில் எடுக்கச் சொல்லிவிடுங்கள். பேச்சுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன் என்றால் மேனுவல் வையுங்கள். நம் ஊர் ஆபீஸ்களில் நடப்பது தெரிந்ததுதானே? போன் அடிக்கும், எடுப்போம், எதிர்முனையில் "ஃபேக்ஸ் டோன் கொடுங்க" என்பார்கள். மெஷினாக இருந்தால் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவோம். கம்ப்யூட்டரில் அதற்குச் சமமானது, ஃபேக்ஸ் கன்சோலில் ஃபைல் மெனுவில் இருக்கும் ரிசீவ் எ ஃபேக்ஸ் நவ். அதை அழுத்தி, மோடம் லைனைப் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்ட பிறகுதான் ரிசீவரை வைக்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் வைத்தால் இணைப்பு போய்விடும்.

ஆள் பேசாமல் மெஷினே நேரடியாகக் கூப்பிட்டால், ரிசீவரில் அரை விநாடி பீப், மூன்று விநாடி அமைதி, மறுபடி பீப் என்று கேட்கும். 1100 ஹெர்ட்ஸ் ஒலி அது. கேட்ட உடனே ரிசீவ் நவ் அழுத்துங்கள். நம் மோடம் பதிலுக்கு 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி கொடுக்கும். அதைத்தான் நாம் டோன் என்கிறோம். அதற்குப் பிறகு வருகிற கரகர சத்தத்தில் இரண்டு மெஷின்களும் விநாடிக்கு 300 பிட் என்ற ஆமை வேகத்தில், உன்னால் எவ்வளவு வேகம் முடியும், எவ்வளவு நுணுக்கமான படம் வாங்குவாய் என்று பேசிக்கொள்கின்றன. பிறகு வேகத்தைச் சோதித்துப் பார்த்துப் பக்கத்தை அனுப்பத் தொடங்கும். பழைய 56கே மோடம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஃபேக்ஸுக்கு வழக்கமாக 14,400தான் உச்சம். லைன் சரியில்லை என்றால் 12,000, 9600 என்று படிப்படியாக இறங்கும்.

இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் ஃபேக்ஸ் மானிட்டர் என்ற சின்ன விண்டோவில் ஓடும். டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. முதல் சில ஃபேக்ஸ்களுக்கு அதைத் திறந்து வைத்திருங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே கோளாறு பாதி தெரிந்துவிடும். ரிங் வந்தும் மோடம் எடுக்கவில்லை என்றால், வாங்குவதற்கான டிக் போடவில்லை, அல்லது டயல்-அப், ஹைப்பர்டெர்மினல் போன்ற வேறு புரோகிராம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்தும் கரகரவென்று இழுத்துக்கொண்டே போய் அறுந்தால், லைன் இரைச்சல் அல்லது நான் முன்பு சொன்ன கிளாஸ் 1 சிக்கல். முதல் பக்கம் வந்து இரண்டாவதில் நின்றால் அநேகமாக யாரோ பேரலல் போனைத் தூக்கியிருக்கிறார்கள்.

ஃபைன் என்ற ஒரு பட்டன்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சாதாரண ஃபேக்ஸில் ஒரு வரிக்கு 1728 புள்ளிகள். அகலவாக்கில் இது மாறாது. மாறுவது உயரவாக்கில். ஸ்டாண்டர்ட் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரி. ஃபைன் என்றால் 7.7 வரி. ஏ4 தாள் ஸ்டாண்டர்டில் சுமார் 1,140 வரிகளாகவும் ஃபைனில் சுமார் 2,290 வரிகளாகவும் வரும். 12 பாயின்ட் ஆங்கில எழுத்தில் சின்ன "a" மாதிரியான எழுத்தின் உயரம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ஸ்டாண்டர்டில் அதற்குக் கிடைப்பது ஏழெட்டு வரிதான். ஃபைனில் பதினைந்து. ஏழு வரியில் 3, 5, 8 மூன்றும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

தமிழுக்கு இன்னும் மோசம். புள்ளி வைத்த எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் அந்தப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் இருக்கலாம். ஸ்டாண்டர்டில் அது இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். அதில் ஒன்று லைன் இரைச்சலில் போனால் மிச்சம் ஒரே வரி, அதுவும் தூசி மாதிரி. "க்" என்பது "க" ஆகிவிடும். பிறகு எந்த ஓ.சி.ஆரும் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் தகவலே வந்து சேரவில்லை. "ன"வுக்கும் "ண"வுக்கும் சுழி வித்தியாசம், "ி"க்கும் "ீ"க்கும் இடையே உள்ள சின்னச் சுழிப்பு எல்லாம் இதே கதைதான்.

ஃபைனா ஸ்டாண்டர்டா என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, அனுப்புகிறவர்தான் அழுத்த வேண்டும். அதனால் ஃபோனில் "டோன் கொடுக்கிறேன்" என்று சொல்வதற்கு முன்பு, "ஃபைன் மோடில் போடுங்க, ஒரிஜினலை வையுங்க, ஜெராக்ஸ் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மெஷின்களில் ஃபைன் அல்லது ரெசல்யூஷன் என்று பட்டன் இருக்கும். போட்டோவுக்கான ஹாஃப்டோன் மோட் மட்டும் வேண்டாம், அது எழுத்தைச் சுற்றிப் புள்ளிகளை வாரி இறைக்கும். நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். அரை மணி நேரம் பிழை திருத்துவதற்கு அது பரவாயில்லை.

கோப்பு எங்கே போகிறது

வந்த ஃபேக்ஸ் ஃபேக்ஸ் கன்சோலின் இன்பாக்ஸில் தெரியும். அசல் கோப்பு சி டிரைவில் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், ஆல் யூசர்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, எம்எஸ்ஃபேக்ஸ், இன்பாக்ஸ் என்று ஆழத்தில் கிடக்கும். அதில் அப்ளிகேஷன் டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். விண்டோஸ் 7, 10இல் புரோகிராம் டேட்டாவுக்குள் இதே மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, எம்எஸ்ஃபேக்ஸ் வரிசை. டி டிரைவில் பிரதி ஃபோல்டர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தினமும் இந்தச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம்.

கோப்பு டிஃப் (TIFF) என்ற பட வடிவம். எத்தனை பக்கம் வந்தாலும் ஒரே கோப்பு. ஃபைன் பக்கம் ஒன்றைச் சுருக்காமல் வைத்தால் 490 கே.பி.க்கு மேல் போகும். சுருக்கி வருவதால் சாதாரண கடிதம் அதில் சின்னப் பங்குதான் இடம் பிடிக்கும். அழித்து இடம் மிச்சப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஃப் கோப்பைப் பெயின்ட்டில் திறந்து சேவ் செய்யாதீர்கள். பெயின்ட்டுக்கு முதல் பக்கம் மட்டும்தான் தெரியும். ஐந்து பக்க ஃபேக்ஸைத் திறந்து சேவ் கொடுத்தால் ஒரு பக்கம்தான் மிஞ்சும். எக்ஸ்பியின் பிக்சர் அண்ட் ஃபேக்ஸ் வியூவரில் கோடு போட, மஞ்சள் அடிக்க, குறிப்பு எழுத வசதிகள் இருக்கின்றன. "இதைப் பார்க்கவும்" என்று குறித்துத் திருப்பி அனுப்ப நல்ல வசதிதான். ஆனால் அதுவும் கோப்பையே மாற்றும். எதைச் செய்தாலும் முதலில் பிரதி எடுத்து, அசலுக்கு ரீட் ஒன்லி போட்டுவிடுங்கள்.

எக்ஸ்பிக்கும் முந்தையவர்களிடம் வின்ஃபேக்ஸ் புரோ இருக்கலாம். கனடாவின் டெல்ரினா உருவாக்கி, 1995இல் சிமான்டெக் கைக்குப் போன அருமையான மென்பொருள் அது. அதன் கோப்பு வடிவம் தனி. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே வின்ஃபேக்ஸிலிருந்து டிஃப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். பிறகு திறக்க வழி தேடுவது பெரும்பாடு.

ஓ.சி.ஆருக்கு முன் சுத்தம் செய்தல்

ஸ்டாண்டர்டில் வந்த பக்கத்தைச் சில புரோகிராம்களில் திறந்தால் எழுத்தெல்லாம் யாரோ மேலிருந்து அழுத்தின மாதிரி குட்டையாகத் தெரியும். கோப்பில் கோளாறு இல்லை. அகலத்தைவிட உயரத்தில் புள்ளிகள் பாதிதான் என்பதை அந்தப் புரோகிராம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்லது, எக்ஸ்பியிலும் ஓடும். வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம், ஆபீஸுக்கு லைசன்ஸ் வாங்க வேண்டும்.

முதலில் பல பக்கக் கோப்பைத் தனித்தனிப் பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆப்ஷன்ஸ் மெனுவில் அதற்கு வசதி உண்டு. பிறகு படத்தை கிரேஸ்கேலாக (கறுப்பு வெள்ளையோடு சாம்பல் நிறமும் உள்ள படமாக) மாற்றுங்கள். இமேஜ் மெனுவில் ரீசைஸ் திறந்து, அகல உயர விகிதத்தைக் காப்பாற்று என்ற டிக்கை எடுத்துவிட்டு அளவை மாற்றுங்கள். ஸ்டாண்டர்ட் பக்கம் என்றால் அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் மூன்று மடங்கு. ஃபைன் பக்கம் என்றால் இரண்டுமே ஒன்றரை மடங்கு. இப்போது படம் ஏறத்தாழ 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவுக்கு வந்துவிடும். ஓ.சி.ஆர். மென்பொருள்களுக்கு அந்த அளவு பிடிக்கும். இல்லாத தகவல் இதனால் வந்துவிடாது, இருப்பதைச் சரியான வடிவில் காட்டுகிறோம்.

தூசிப் புள்ளிகளை நீக்க மீடியன் ஃபில்டர் போடலாம். ஆங்கிலப் பக்கத்துக்குத் தாராளமாகப் போடுங்கள். தமிழ்ப் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம், மெய்யெழுத்துப் புள்ளியையும் தூசி என்று துடைத்துவிடும்.

பக்கத்தின் உச்சியில் தேதி, நேரம், எண், பக்க எண் என்று ஒரு வரி ஓடும். அனுப்பிய மெஷின் தானாகப் போட்டது அது. ஓ.சி.ஆருக்குக் கொடுக்கும் பிரதியில் அதை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத் தலையிலும் குப்பை எழுத்து விழும். அசலில் மட்டும் அந்த வரி இருக்கட்டும். எப்போது வந்தது என்று பின்னால் தகராறு வந்தால் அது உதவும், ஆனால் அந்த நேரம் அனுப்பியவர் மெஷின் கடிகாரப்படி என்பதை மறக்காதீர்கள்.

ஆங்கிலப் பக்கம்: ஆபீஸ் டாக்குமென்ட் இமேஜிங்

ஆபீஸ் எக்ஸ்பி, 2003, 2007 மூன்றிலும் இந்தப் புரோகிராம் உண்டு. 2010இல் எடுத்துவிட்டார்கள். ஆல் புரோகிராம்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் டூல்ஸுக்குள் தேடுங்கள். இல்லையென்றால் ஆபீஸ் சி.டி.யைப் போட்டு, ஆபீஸ் டூல்ஸ் பகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → ஓ.சி.ஆர். டேபில் மொழி ஆங்கிலம். ஆட்டோ ரொட்டேட், ஆட்டோ ஸ்ட்ரெய்ட்டன் இரண்டையும் டிக் செய்யுங்கள். தாள் கோணலாகப் போயிருந்தால் நிமிர்த்திவிடும்.

2. கோப்பைத் திறந்து, டூல்ஸ் → ரெகக்னைஸ் டெக்ஸ்ட் யூசிங் ஓ.சி.ஆர்.

3. டூல்ஸ் → சென்ட் டெக்ஸ்ட் டு வேர்ட். எல்லாப் பக்கமுமா, தேர்ந்தெடுத்த பகுதி மட்டுமா என்று கேட்கும். கடிதம் என்றால் எல்லாப் பக்கமும். பட்டியல், இன்வாய்ஸ் என்றால் ஒவ்வொரு நெடுவரிசையாக மவுஸால் வளைத்து, அந்தப் பகுதியை மட்டும் அனுப்புங்கள். மொத்தமாக அனுப்பினால் பொருள் பெயரும் விலையும் அடுத்தடுத்த வரிகளில் சிதறி, எது எதற்கு விலை என்றே தெரியாது.

வேர்டில் வந்ததும் முதல் வேலை, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வடிவமைப்பை நீக்குவது. ஓ.சி.ஆர். போடும் விதவிதமான ஃபான்ட் அளவோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

தமிழ்ப் பக்கம்

டாக்குமென்ட் இமேஜிங்குக்குத் தமிழ் தெரியாது. முயன்றால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். தமிழுக்கு டெசராக்ட் வேண்டும். 1980களில் எச்.பி. கம்பெனியில் தொடங்கி, 2005இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள். 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து தமிழை நன்றாகவே படிக்கிறது. இதை எக்ஸ்பியில் ஓட்டப் பார்க்க வேண்டாம். சுத்தம் செய்த பக்கங்களைப் பென் டிரைவில் புதிய கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போய், ஜிஇமேஜ்ரீடர் என்ற இலவச முகப்பை நிறுவி, மொழிகளில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் கடிதங்களில் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

கூகுள் டிரைவிலும் முடியும். பி.என்.ஜி. அல்லது பி.டி.எஃப். ஆக மாற்றி ஏற்றி, ரைட் கிளிக்கில் கூகுள் டாக்ஸோடு திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்து வந்துவிடும். கோப்பு 2 எம்.பி.க்குள் இருக்கட்டும். ஆனால் அது இன்னொருவருடைய கடிதம். மருத்துவ ரிப்போர்ட், வங்கி விவரம் போன்றவற்றை வெளியே ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டாண்டர்டில் வந்த ஒரு பக்கத் தமிழ்க் கடிதத்துக்கு ஓ.சி.ஆர். வேண்டாம். பக்கத்தில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டைப் அடித்துவிடுவது வேகம். ஃபைனில் வந்த நாலைந்து பக்கத்துக்கு மேல்தான் ஓ.சி.ஆர். லாபம். கையெழுத்துக் கடிதம் என்றால் பேச்சே இல்லை, டைப்தான்.

எக்ஸ்பியிலேயே தமிழ் யூனிகோடில் திருத்த வேண்டுமானால், ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் டேபில், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று வரும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். சி.டி. கேட்கும். அப்புறம் லதா என்ற தமிழ் ஃபான்ட் வேலை செய்யும்.

பிழை பார்த்தல்: வார்த்தையை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

வார்த்தைப் பிழை கண்ணில் படும், ஸ்பெல் செக்கும் சிவப்பு அடிக்கும். எண் பிழைக்கு யாரும் சிவப்பு அடிக்க மாட்டார்கள். 0வும் ஆங்கில ஓவும், 1ம் ஐயும், 5ம் எஸ்ஸும், 8ம் பியும் இடம் மாறும். அதனால் எண்களுக்கு அவற்றின் அமைப்பை வைத்தே சோதனை போடுங்கள்.

ஐ.எஃப்.எஸ்.சி. கோட் 11 இடம். முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஓ இருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். பான் எண் ஐந்து எழுத்து, நான்கு எண், கடைசியில் ஓர் எழுத்து. ஜி.எஸ்.டி. எண் 15 இடம், அதன் 3 முதல் 12 வரை அதே பான் எண். இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்துவிடலாம். தூத்துக்குடி, சென்னைத் துறைமுக வேலை பார்ப்பவர்களுக்குக் கண்டெய்னர் எண் வரும். நான்கு எழுத்து, ஆறு எண், கடைசி ஒன்று சோதனை எண். அது கணக்குப்படி பொருந்தவில்லை என்றால் ஏதோ ஓர் இடம் தவறு. இன்வாய்ஸ் தொகைகளை எக்செலில் போட்டுக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஒத்துவந்தால் நிம்மதி. வங்கிக் கணக்கு எண்ணுக்கு மட்டும் இப்படிக் குறுக்குவழி இல்லை. படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடியுங்கள். அப்போதும் ஒரு இலக்கம் சந்தேகமாக இருந்தால் அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

திருத்தியதைத் திருப்பி அனுப்ப

வேர்டில் ஃபைல் → பிரின்ட் போய், பிரின்டர் பட்டியலில் ஃபேக்ஸைத் தேர்ந்தெடுங்கள். விசார்ட் எண்ணைக் கேட்கும், கொடுத்தால் போய்விடும். தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும் சுற்றுவழியை முடிந்தவரை தவிருங்கள். ஸ்கேனில் ஒரு தடவை தேய்ந்தது லைனில் இன்னொரு தடவை தேயும். கையெழுத்து கட்டாயம் என்றால் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து சேருங்கள். டயல் டோன் இல்லை என்று மோடம் அடம்பிடித்தால், மோடம் பிராப்பர்ட்டீஸில் வெயிட் ஃபார் டயல் டோன் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இன்டர்காம் வழியாக 0 அழுத்தி வெளி லைன் பிடிக்கும் ஆபீஸ் என்றால், 0க்குப் பிறகு ஒரு கமா போட்டு எண்ணை எழுதுங்கள். கமா இருந்தால் மோடம் சில விநாடி காத்திருந்துவிட்டுத்தான் மிச்ச எண்ணை டயல் செய்யும்.